இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்கிடும் வழி

விமானப் பயணத்தைத் திட்டமிட உட்கார்ந்ததும் இரண்டு கேள்விகள் வரும்: எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்? தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் அப்படி வகுத்து வந்த விடையை டிக்கெட்டில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம்கூட இடிக்கும். போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது இன்னொரு நேரம் என்பது குழப்பத்தை இன்னும் கூட்டும்.

தூரம் என்பது வடிவியல் கணக்கு. இரண்டு இடங்களும் பூமியில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் விடை ஒன்றுதான், நாளைக்கும் அதுவேதான். நேரமோ பல துண்டுகள் சேர்ந்தது. அதில் சில துண்டுகள் தினமும் மாறும். எனவே இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துக் கணக்கிடுவதே நல்லது. ஒரு சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் கையில் இருந்தால் போதும்.

படி 1: நகரத்தை விட்டுவிட்டு விமான நிலையத்தைப் பிடியுங்கள்

"லண்டனிலிருந்து நியூயார்க்" என்று ஆரம்பித்தால் முதல் அடியிலேயே சிக்கல். லண்டனைச் சுற்றி ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், லண்டன் சிட்டி என்று பல விமான நிலையங்கள் இருக்கின்றன. நியூயார்க்கிலும் கென்னடி, லகார்டியா, அருகிலேயே நூவர்க் என்று மூன்று. அதனால் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஹீத்ரோவுக்கு எல்.ஹெச்.ஆர்., கென்னடிக்கு ஜே.எஃப்.கே. டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருப்பது இந்தக் குறியீடுதான். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் வேறொரு நான்கெழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள். சில தளங்களில் அது மட்டுமே இருக்கும். கண்டு குழம்ப வேண்டாம்.

ஒரே பெயரில் இருக்கும் ஊர்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி; கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி. ஆஸ்திரேலியா போவதாக நினைத்து டிக்கெட் போட்டவர்கள் கனடாவில் போய் இறங்கியது செய்தியாகவே வந்திருக்கிறது. பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் உண்டு, அமெரிக்காவின் அலபாமாவிலும் உண்டு. குறியீட்டைச் சரிபார்த்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகை

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கு அல்லது தெற்கு என்பது அட்சரேகை. கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கு அல்லது மேற்கு என்பது தீர்க்கரேகை. விமான நிலையத்தின் விக்கிப்பீடியா பக்கத்திலேயே இவை கிடைக்கும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஹீத்ரோவின் அட்சரேகை 51 பாகை 28 நிமிடம் 14 விநாடி வடக்கு. இதை 51.28 என்று கால்குலேட்டரில் போட்டுவிடக் கூடாது. 28ஐ 60ஆல் வகுங்கள், 14ஐ 3,600ஆல் வகுங்கள், இரண்டையும் 51உடன் கூட்டுங்கள்: 51.4706. இந்த ஒரு தவறிலேயே ஏறக்குறைய 21 கிலோமீட்டர் காணாமல் போய்விடும். தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் முன்னால் கழித்தல் குறி போட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

படி 3: தூரத்தைக் கணக்கிடுங்கள்

பூமி உருண்டை. அதன் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கும். பெருவட்டம் என்றால் பூமியின் மையத்தை ஊடுருவி வெட்டினால் கிடைக்கும் வட்டம். நிலநடுக்கோடு அப்படி ஒரு வட்டம்தான். ஒரு உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே பெருவட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டோக்கியோவின் நரிட்டாவும் சான் ஃபிரான்சிஸ்கோவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, 35க்கும் 38க்கும் நடுவே. தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் நேரே கிழக்கே போனால் போதும் என்று தோன்றும். அப்படிப் போனால் சுமார் 8,670 கிலோமீட்டர். நூல் காட்டும் பாதையோ வடக்கே வளைந்து, 48 பாகை வரை அலூசியன் தீவுகளை நோக்கி ஏறி, பிறகு இறங்குகிறது. அதன் நீளம் சுமார் 8,230 கிலோமீட்டர்தான். வளைந்து போவதாகத் தெரிவதுதான் உண்மையில் குறுக்குவழி, 440 கிலோமீட்டர் மிச்சம். விமானத்தில் திரையில் ஓடும் வரைபடத்தைப் பார்த்து "ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு போகிறான்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹீத்ரோ: வடக்கு 51.4706, மேற்கு 0.4617. கென்னடி: வடக்கு 40.6397, மேற்கு 73.7789. தீர்க்கரேகை வித்தியாசம் 73.317 பாகை. கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.5095. அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.1357. இரண்டையும் கூட்டினால் 0.6452. இதற்கு இன்வர்ஸ் கோசைன் எடுத்தால் 49.82 பாகை. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள கோணம் இது. பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு பாகைக்கு 111.195 கிலோமீட்டர். பெருக்கினால் 5,540 கிலோமீட்டர். முடிந்தது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வருவது. அதே 49.82ஐ 60ஆல் பெருக்குங்கள்: 2,989. இது கடல் மைலில் தூரம்! ஒரு பாகையில் 60 நிமிடங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு கடல் மைல் என்ற அடிப்படையில் பிறந்த அளவு அது. இன்று அதை 1,852 மீட்டர் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். விமானிகள் தூரத்தைக் கடல் மைலிலும் வேகத்தை "நாட்" (knot) என்ற அளவிலும், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்றும், சொல்வதால் இந்தக் குறுக்குவழி அடிக்கடி கைகொடுக்கும். அமெரிக்கத் தளங்களில் "மைல்" என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 1.609 கிலோமீட்டர் கொண்ட தரை மைல். இரண்டையும் கலந்தால் 15 சதவீதம் பிசகும்.

மிக அருகருகே இருக்கும் இடங்களுக்கு இந்த முறை தசமப் புள்ளிகளில் தடுமாறும். அதற்கு ஹேவர்சைன் என்ற சூத்திரம் உண்டு. கணினி நிரல்களில் பலரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எக்ஸெலில் போடுகிறவர்கள் பாகைகளை ரேடியன் என்ற இன்னொரு கோண அளவுக்கு மாற்றிவிட்டுப் போட வேண்டும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதையும் கணக்கில் எடுத்தால் லண்டன்–நியூயார்க் தூரம் இன்னும் 15 கிலோமீட்டர் போலக் கூடும். இரண்டு இணையதளங்கள் இரண்டு எண்களைச் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். பயணத் திட்டத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

கணக்குப் போட மனமில்லை என்றால் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு குறியீடுகளையும் கொடுத்தால் பாதையையே வரைந்து காட்டும். ஆனாலும் ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு எந்தத் தளம் தப்பாகச் சொன்னாலும் கண்ணில் பட்டுவிடும்.

படி 4: பறக்கும் தூரம் வேறு

பெருவட்டத் தூரம் என்பது குறைந்தபட்சம். விமானம் காற்று வீசும் திசைக்கு ஏற்ற ஓடுபாதையில்தான் எழும்ப வேண்டும். அது போக வேண்டிய ஊருக்கு நேர் எதிர்த்திசையாகக்கூட இருக்கலாம். பிறகு வான்வழிப் பாதைகளில் சேர வேண்டும், நெரிசலான நிலையமாக இருந்தால் இறங்கும் முன் வரிசையில் சுற்ற வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் கார்பன் கணக்கீட்டில் இதற்கு ஒரு எளிய திருத்தம் வைத்திருக்கிறது: 550 கிலோமீட்டருக்குக் குறைவான பயணத்துக்கு 50 கிலோமீட்டர், 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கூட்டிக்கொள்ள வேண்டும். நீங்களும் அதையே பின்பற்றலாம். லண்டன்–நியூயார்க் இப்போது 5,665.

மூடிய வான்பரப்பு வந்துவிட்டால் இந்தத் திருத்தமெல்லாம் போதாது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ பெருவட்டப்படி சுமார் 7,800 கிலோமீட்டர். 2022க்கு முன் ரஷ்யா வழியாக ஒன்பதரை மணி நேரத்துக்குள் போய்விடுவார்கள். ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்ட பிறகு பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவன விமானங்கள் வடதுருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியிருந்தது. பயணம் 13 மணி நேரம் வரை நீண்டது. ஊர்கள் நகரவில்லை, தூரக் கணக்கும் மாறவில்லை. எனவே நீண்ட தூரப் பயணத்துக்குப் பழைய கட்டுரைகளில் உள்ள நேரத்தை நம்பாதீர்கள்.

சில வேலைகளுக்குப் பெருவட்டத் தூரம் மட்டுமே செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில் தாமதத்துக்கும் ரத்துக்குமான இழப்பீடு 1,500, 3,500 கிலோமீட்டர் என்ற எல்லைகளை வைத்துப் பிரிக்கப்படுகிறது. அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. விமானம் எவ்வளவு சுற்றிப் போனது என்பதற்கு அங்கே மதிப்பில்லை.

படி 5: எந்த நேரத்தைக் கேட்கிறீர்கள்?

சக்கரம் ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை ஒரு நேரம். இதை ஏர் டைம் என்பார்கள். கேட்டிலிருந்து விமானம் நகர்ந்ததிலிருந்து மறுமுனையில் கேட்டில் நிற்கும் வரை இன்னொரு நேரம், அது பிளாக் டைம். டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு கேட் வரை ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். தாமதம் வந்தாலும் சமாளிக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. தாமதமாகக் கிளம்பிய விமானம் சில சமயம் சரியான நேரத்துக்கு வந்து நிற்பது இதனால்தான்.

படி 6: உத்தேச நேரம்

பயண விமானத்தின் வேகத்தை மாக் எண்ணில் சொல்வார்கள், ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்று. 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுமார் மைனஸ் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,062 கிலோமீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவை மாக் 0.78 அளவில் பறக்கும்: மணிக்கு 830. நீண்ட தூரம் போகும் போயிங் 787, ஏர்பஸ் 350 ஆகியவை மாக் 0.85: மணிக்கு 900. ஏ.டி.ஆர். போன்ற விசிறி விமானங்களுக்கு 500 என்று வைத்துக்கொள்ளலாம்.

தூரத்தை இந்த வேகத்தால் வகுங்கள். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதற்காக 20 நிமிடம் கூட்டுங்கள். இது ஏர் டைம். தரையில் ஊர்வதற்கு 25 நிமிடம், பெரிய நிலையமானால் 30 நிமிடம் கூட்டினால் பிளாக் டைம்.

1,000 கிலோமீட்டர், ஏர்பஸ் 320: வகுத்தால் 1 மணி 12 நிமிடம். 20ம் 25ம் சேர்த்தால் ஏறக்குறைய 2 மணி நேரம். தூரம் இதில் பாதியானாலும் நேரம் பாதியாகாது, ஏனென்றால் அந்த 45 நிமிடம் அப்படியே நிற்கும். குறுகிய பயணங்களில் சராசரி வேகம் பரிதாபமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

லண்டன்–நியூயார்க்: 5,665ஐ 900ஆல் வகுத்தால் 6 மணி 18 நிமிடம். 20ம் 30ம் சேர்த்தால் 7 மணி 8 நிமிடம். ஆனால் அட்டவணையில் போகும்போது ஏறக்குறைய 8 மணி நேரமும் வரும்போது ஏறக்குறைய 7 மணி நேரமும் போட்டிருக்கிறார்கள். நம் கணக்கில் விட்டுப்போனது காற்று.

படி 7: காற்றைச் சேருங்கள்

வட, தென் அரைக்கோளங்களின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்றோட்டம் ஓடுகிறது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் என்பது சாதாரணம். குளிர்காலத்தில் 300ஐத் தாண்டுவதும் உண்டு. விமானத்தின் 900 என்பது காற்றைப் பொறுத்த வேகம். காற்றே 100 வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்த வேகம் 1,000. எதிரே அடித்தால் 800.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அப்படியென்றால் ஒலியின் வேகத்தை மீறிவிட்டதா? இல்லை. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பெற்றுவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். கணக்கு அப்படி வராது. 5,540 கிலோமீட்டரை 800 வேகத்தில் கடக்க 6 மணி 56 நிமிடம். 1,000 வேகத்தில் 5 மணி 32 நிமிடம். இரண்டும் சேர்ந்து 12 மணி 28 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போகவர 12 மணி 19 நிமிடம்தான். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறோம். எப்போதும் நஷ்டம்தான் மிஞ்சும்.

அதனால்தான் பாதை போடுகிறவர்கள் குறுகிய பாதையை விட விரைவான பாதையைத் தேடுகிறார்கள். சிங்கப்பூர்–நியூயார்க் பெருவட்டத் தூரம் 15,300 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கோடு வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. நியூயார்க் போகும் விமானங்களோ பெரும்பாலும் பசிபிக்குக்கு மேலாகப் பின்காற்றைப் பிடித்துக்கொண்டு போகின்றன. கிலோமீட்டர் கூடுதல், நேரம் குறைவு.

உங்கள் உத்தேசக் கணக்குக்கு ஒரு கைவிதி: நடு அட்சரேகைகளில் நீண்ட தூரம் மேற்கே போனால் வேகத்தில் 80 குறையுங்கள், கிழக்கே போனால் 80 கூட்டுங்கள். லண்டன்–நியூயார்க் 7 மணி 45 நிமிடத்துக்கு வந்துவிடும், அட்டவணைக்கு வெகு அருகில். வடக்கு தெற்காகப் போகும் பயணங்களிலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய பயணங்களிலும் இந்தத் திருத்தம் தேவைப்படாது.

படி 8: கடிகாரத்தை அவிழ்ப்பது

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இரண்டையும் அப்படியே கழித்தால் தப்பு. லண்டனில் காலை 11க்குக் கிளம்பி நியூயார்க்கில் பிற்பகல் 2க்குச் சேர்கிறது என்றால் கடிகாரப்படி 3 மணி நேரம். நியூயார்க் 5 மணி நேரம் பின்தங்கியது, அதைக் கூட்டினால் 8. திரும்பும்போது இரவு 9க்குக் கிளம்பி மறுநாள் காலை 9க்கு லண்டன். கடிகாரப்படி 12, அதில் 5 போனால் 7.

தேதிக் கோட்டைத் தாண்டும்போது மனக்கணக்கு கைவிட்டுவிடும். அப்போது இரண்டு நேரங்களையும் உலகப் பொது நேரமான யூ.டி.சி.க்கு மாற்றுவதுதான் பத்திரம். டோக்கியோ யூ.டி.சி.யை விட 9 மணி நேரம் முன்னால். சான் ஃபிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால். டோக்கியோவில் மாலை 5க்குக் கிளம்பினால் யூ.டி.சி.யில் காலை 8. ஒன்பதரை மணி நேரம் பறந்தால் மாலை 5:30. அதிலிருந்து 8ஐக் கழித்தால் சான் ஃபிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை 9:30! கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கடிகாரம் சொல்லும். எதிர்த்திசையில் ஒரு நாள் காணாமல் போகும். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக +1 என்று இருப்பது அதைத்தான் சொல்கிறது. தங்கும் அறைக்கு முன்பதிவு செய்யும்போது அந்த +1ஐ ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

கோடைக்கால நேர மாற்றமும் உண்டு. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்தள்ளுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவே இரண்டு மூன்று வாரங்களுக்கு லண்டன்–நியூயார்க் வித்தியாசம் 4 மணி நேரம் மட்டுமே. அந்த நாட்களில் பயணம் செய்பவர்கள் வழக்கமான 5ஐ வைத்துக் கணக்கிட்டால் ஒரு மணி நேரம் பிசகும்.

இணைப்பு விமானம் இருந்தால்

ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே சொன்னதைத் தனித்தனியாகப் போட்டு, நடுவே காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். இரண்டு ஊர்களுக்கும் நேர்த்தூரம் என்ன என்பது அப்போது பயன்படாது. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதைத் தவறவிடும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றுதானா என்பதும் முக்கியம். ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டுமானால் நடுவே சாலைப் பயணம் இருக்கிறது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணைத் தேடுங்கள். கடந்த சில நாட்களில் அது எப்போது கிளம்பியது, எப்போது சேர்ந்தது, எந்த வழியாகப் போனது எல்லாம் தெரியும். உங்கள் கணக்கோடு அரை மணி நேரத்துக்குள் ஒத்துப்போனால் நன்றாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் இடித்தால் பாதை வரைபடத்தைத் திறந்து, எங்கே சுற்றிப் போகிறது என்று பாருங்கள்.